மூன்று முறை, மூன்று இடத்தில் நின்றது

போன மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன். ஓய்வு பெற்றவனை மரியாதைக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, ஓரமாக உட்கார வைப்பீர்களே, அப்படித்தான். பக்கத்து மேசையில் ஒரு பிள்ளை கம்ப்யூட்டர் பழுதுப் புகார்களை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். வரிசையாக மூன்று புகாருக்கும் ஒரே காரணம் எழுதியிருந்தான்: 'யூசர் எரர்'. பயன்படுத்தியவர் தவறாம். "மூணையும் நேர்ல போய்ப் பார்த்தியாப்பா?" என்று கேட்டேன். "இல்ல சார், பார்த்தாலே தெரியும்" என்றான். போய்ப் பார்க்கவே இல்லை, ஆனால் பார்த்தாலே தெரியுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் கோபித்துக்கொண்டு போனதாக நீங்கள் பேசிக்கொண்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆமாம், கோபம்தான். ஆனால் அந்தப் பிள்ளை மேல் கால்வாசிதான். முக்கால்வாசி என் மேல். அந்த இரண்டு வார்த்தையை நானும் ஒருமுறை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் ஒரு பெண்மணியின் வேலை போனது. அதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில் நடந்தது. ராயபுரத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் நான் என்ஜினீயர். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரைக்கும் கிடங்கு, தொழிற்சாலை, லாரி ஷெட் எங்கே கம்ப்யூட்டர் படுத்தாலும் என் ஸ்கூட்டர்தான் போகும். லினக்ஸ் தெரிந்த ஆள் எங்கள் கம்பெனியில் நான் ஒருவன்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

திருவொற்றியூரைத் தாண்டி ஒரு கண்டெய்னர் யார்டு எங்கள் வாடிக்கையாளர். கப்பலுக்குப் போகிற பெட்டிகளும் கப்பலில் வந்த பெட்டிகளும் தங்கிப் போகிற இடம். வாசலில் கேட் ஆபீஸ் என்று ஒரு அறை. அதில் ஒரு லினக்ஸ் சர்வர். உள்ளே வருகிற, வெளியே போகிற ஒவ்வொரு டிரெய்லரையும் அதில் ஏற்றிச் சீட்டு எடுத்தால்தான் வாசல் கம்பியைத் தூக்குவார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தவர் பிலோமினா. ராயபுரம் கோயில் தெருக்காரர், நாற்பது வயது இருக்கும். டிரைவர்கள் எல்லோருக்கும் பிலோக்கா. ஒரு கான்ட்ராக்டர் மூலமாக வேலை பார்த்தார். கேட் பாஸ் கழுத்தில் இருக்கும்வரைதான் வேலை, பாஸைக் கேட்டு வாங்கிவிட்டால் நாளை முதல் வரவேண்டாம் என்று அர்த்தம்.

கம்ப்யூட்டருக்கு வருவதற்கு முன் பத்து வருடம் அவர் கிடங்கில் டேலி கிளார்க். அதென்ன வேலை என்று உங்களில் பலருக்குத் தெரியாது. சரக்கு கைமாறுகிற இடத்தில் நின்று, எண்ணி, நம்பர் பார்த்து, எந்த நிலையில் வந்தது என்று டேலி ஷீட்டில் எழுதுகிற வேலை. பெட்டி வந்தால் சுற்றி வந்து பார்ப்பார்கள். இடது கதவில் நசுங்கிய டொக்கு, மூலையில் துரு, சீல் நம்பர் இன்னது என்று எழுதி, கொண்டுவந்தவனிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் பெட்டியை ஏற்பார்கள். எழுதாமல் ஏற்றால், நாளைக்கு அந்த டொக்கு ஏற்றவர் தலையில்தான் விடியும்.

அந்த சர்வர் மெதுவாக ஓடுகிறது என்று சொன்னதால், கூடுதலாக ஒரு மெமரி போட நான் போயிருந்தேன். எங்கள் கம்பெனி ஸ்டோரில் புது உறையில் போட்டுக் கொடுத்த மெமரி. கம்ப்யூட்டர் மூடியைக் கழற்றி மெமரியைச் செருகும்போது பிலோமினா டேலி ஷீட்டோடு பக்கத்தில் வந்து நின்று, மெமரியில் ஒட்டியிருந்த பொடிச் சீட்டைக் காட்டினார்.

"அந்தச் சீட்டுல இன்னா சார் நம்பரு?"

"அது மெமரியோட நம்பர்ம்மா."

"பொட்டிக்கு சீல் நம்பரு மாரியா?"

"அப்படியே வெச்சுக்குங்களேன்."

சொன்னதுதான் தாமதம், குனிந்து அந்தப் பொடி எழுத்து நம்பரை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். மூடியில் நாலு திருகாணி இருக்கவேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கிறது என்று எழுதினார். முன்பக்கம் ஒரு கீறல் என்று எழுதினார். நான் மூடிவிட்டு ஆன் செய்தேன், நன்றாக ஓடியது. அதையும் எழுதினார். பிறகு ஷீட்டை என் பக்கம் நீட்டினார்.

"கையெழுத்து போடு சார்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னம்மா, பொண்ணுக்குச் சீர் குடுக்கிற மாதிரி பட்டியல் எழுதுறீங்க?"

"எழுதாம வாங்கினா நாளிக்கு டொக்கு எம்மேல வுழும் சார். நீ போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். அந்த ஷீட்டை, கம்ப்யூட்டருக்கென்று அவர் வைத்திருந்த ஃபைலில் கோர்த்துவிட்டார். அலுவலகத்துக்கு வந்து இதைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

ஆறு நாள் கழித்து அந்தப் பக்கம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தினார்கள். சர்வரையும் முறையாக நிறுத்தினார்கள். மறுநாள் காலை எட்டு மணிக்குப் பிலோமினா ஆன் செய்தபோது அது எழுந்திருக்கவில்லை. எனக்கு போன் வந்து நான் போய்ச் சேரும்போது மணி ஒன்பதரை. டிரெய்லர் வரிசை எண்ணூர் நெடுஞ்சாலை வரைக்கும் நின்றது. யார்டு மேனேஜர் வாசலிலேயே நின்றார். வெளியூர்க்காரர், நல்ல சட்டை போட்ட மனிதர். "சார், ரெண்டு கப்பலுக்குச் சரக்கு நிக்குது. சாயங்காலத்துக்குள்ள துறைமுகத்துல இல்லைன்னா கப்பல் கிளம்பிடும்" என்றார்.

திரையைப் பார்த்தேன். லினக்ஸின் உயிர்நாடியான கெர்னல், தன்னால் இனி முடியாது என்று கைவிரிக்கும்போது எண்ணும் எழுத்துமாக நாலைந்து வரி கொட்டிவிட்டு அப்படியே உறைந்துபோகும். கெர்னல் பேனிக் என்பீர்கள். எண்களில் எந்த இடத்தில் விழுந்தது என்ற விவரம் இருக்கும். அது ஹார்ட் டிஸ்க் வட்டில் பதிவாகாது, திரையோடு சரி. அன்றைக்கு யார் கையிலும் கேமரா போன் கிடையாது. எழுதிக்கொண்டால் உண்டு, இல்லையென்றால் மறு ஸ்டார்ட்டில் போய்விடும்.

பிலோமினா எழுதி வைத்திருந்தார்.

"மூணு தபா போட்டேன் சார். மூணு தபாவும் வேற வேற எடத்துல நின்னுச்சு. அல்லாத்தையும் எழுதிகீறேன், பாரு."

மூன்று டேலி ஷீட். பின்பக்கத்தில் திரையில் இருந்தது இருந்தபடி. கண்டெய்னர் நம்பர் என்பது நாலு எழுத்தும் ஏழு எண்ணும். பத்து வருடமாக வெயிலிலும் மழையிலும் நின்று அதைத் தப்பில்லாமல் எழுதிய கைக்குக் கெர்னல் எண்கள் ஒரு பொருட்டா? ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

நான் அதைக் கையில் வாங்கவே இல்லை. "அதெல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்மா. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் போங்க" என்றேன். பெரிய மருத்துவர், நோயாளியின் அம்மாவை வெளியே போகச் சொல்வதுபோல. அவர் மூன்று ஷீட்டையும் கம்ப்யூட்டர் ஃபைலில் கோர்த்தார். "சரக்கோட பேப்பரும் போவணும் சார்" என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு ஸ்டூலை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

அடுத்த நாலு மணி நேரம் நான் செய்ததைக் கவனமாகக் கேளுங்கள். இப்படித்தான் செய்யக்கூடாது. அதற்கு முந்தின மாதம் நான்தான் அந்த சர்வரில் புதுக் கெர்னல் போட்டிருந்தேன். அதனால் அதுதான் கோளாறு என்று தீர்மானித்துவிட்டேன். பழைய கெர்னலில் ஏற்றிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் ஓடி அதுவும் விழுந்தது. அப்போதாவது சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. லினக்ஸையே புதிதாக ஏற்றிவிடலாம் என்று சிடியைப் போட்டேன். வட்டில் கை வைக்கும் முன்பே பாதியில் நின்றது. சிடியில் கீறல் என்றேன். வேறு சிடி போட்டேன். அதுவும் அதற்கு முன்பே, வேறொரு இடத்தில் நின்றது. இதிலும் கீறலா என்றேன். என் பையிலேயே மெமரியைச் சோதிக்கிற ஃபிளாப்பி ஒன்று கிடந்தது. அதைப் போட்டால் ஒரு மணி நேரம் ஆகும், மேனேஜர் தலைமாட்டில் நிற்கிறார் என்று போடவில்லை. ஒரு மணி நேரம் இல்லை என்று சொல்லி நாலு மணி நேரத்தைக் கரைத்த புத்திசாலி நான்.

இதற்கிடையில் வாசலில் என்ன நடந்தது தெரியுமா? பிலோமினா ஸ்டூலில் உட்கார்ந்து, பழையபடி டேலி ஷீட்டில் கையாலேயே டிரெய்லர்களை எழுதி விட்டுக்கொண்டிருந்தார். நம்பர் பார்த்து, சீல் பார்த்து, டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, காவலாளிக்குச் சைகை காட்டக் கம்பி மேலே போனது. மதியத்துக்குள் வரிசை பாதியாகக் குறைந்தது. அந்த இரண்டு கப்பலுக்கும் சரக்கு போய்ச் சேர்ந்தது என்றால், என்னால் அல்ல. அந்த ஸ்டூலால்.

ஒன்றரை மணிக்கு எங்கள் முதலாளிக்கு போன் போட்டேன். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. வேலை முடிந்து வருகிறவனுக்குச் சாப்பாடு வாங்கி வைத்திருப்பவர். அவர் என்னிடம் கெர்னலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "அதுல யாருப்பா உக்கார்றது? துணியால தொடைக்கிற பழக்கம் உண்டான்னு கேளு" என்றார். அந்த நேரம் புது டேலி ஷீட் எடுக்கப் பிலோமினா உள்ளே வந்தார். போனைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஏம்மா, கம்ப்யூட்டரை ஈரத்துணியால தொடைப்பீங்களா?"

"தெனமும் தொடைப்பேன் சார். ரோட்டுல கரி லாரி போய்க்கினே கீது, மத்தியானத்துக்குள்ள அல்லாம் கறுப்பாயிடும். ஈரத்துணியக் கெட்டியா பிழிஞ்சி மேலாக்கத் தொடைப்பேன். இன்னாத்துக்குக் கேக்குறே?"

பொய் சொல்லத் தெரியாதவரிடம் கேள்வி கேட்பது எவ்வளவு சுலபம் பாருங்கள். மேனேஜரும் கேட்டுக்கொண்டிருந்தார். போனில் முதலாளி, "அவ்வளவுதான். ஈரம் உள்ள போயிடுச்சு. யூசர் எரர்னு ரிப்போர்ட் எழுது, ஸ்பேர் மெஷின் அனுப்பறேன்" என்றார். சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகத்தை எடுத்தேன். 'உள்ளே ஈரம் சென்றதால் பழுது. பயன்படுத்தியவர் தவறு' என்று எழுதினேன். ஒரு பிரதி மேனேஜருக்கு, ஒரு பிரதி எங்களுக்கு. என் கையெழுத்து அன்றைக்கு என்றும் இல்லாமல் அழகாக விழுந்தது.

மூடியைத் திறந்து உள்ளே பார்க்கவே இல்லை நான். ஒரு சொட்டு ஈரத்தைக் கண்ணால் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு ஸ்பேர் மெஷின் ஆட்டோவில் வந்தது, பழைய சர்வர் அதன் ஃபைலோடு அதே ஆட்டோவில் எங்கள் அலுவலகத்துக்குப் போனது. பேக்கப் சிடியிலிருந்து பழைய தகவல்களை ஏற்றி, கேட் திரும்ப ஓட ஆரம்பித்தபோது மணி ஐந்து. கடைசி டிரெய்லர் போனதும் மேனேஜர் பிலோமினாவைக் கூப்பிட்டு, "பாஸைக் குடும்மா. நாளையிலேர்ந்து வரவேண்டாம்" என்றார். காலை முதல் அந்த யார்டைத் தனி ஆளாகத் தூக்கி நிறுத்திய பெண்மணியிடம், வேலை முடியும்வரை காத்திருந்து, முடிந்ததும் பாஸைக் கேட்டார். பிலோமினா கழுத்திலிருந்து பாஸைக் கழற்றி மேசைமேல் வைத்தார். மேனேஜரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"உள்ள தண்ணி இர்ந்துச்சுன்றியே, நீ பாத்தியா சார்?"

"ரிப்போர்ட்ல எழுதியாச்சும்மா" என்றேன்.

"எழுதியாச்சுன்றது தெர்தே. பாத்தியான்னு கேட்டேன்."

நான் பையை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை நோக்கி நடந்தேன்.

மூன்றாம் நாள்தான் அந்த சர்வரை எங்கள் அலுவலகத்தில் மேசைமேல் ஏற்றினேன். மூடியைத் திறந்தேன். உள்ளே ஈரம் வந்துபோன தடம்கூட இல்லை. காய்ந்த கரித்தூசிதான் மெல்லிசாகப் படிந்திருந்தது. ஆன் செய்தேன், ஓடியது. மறுபடி ஆன் செய்தேன், விழுந்தது. மெஷினோடு வந்த ஃபைல் பக்கத்தில் கிடந்தது. சரக்கோடு பேப்பரும் வந்திருந்தது. மூன்று ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். முதல் முறை வட்டைத் தேடும்போது விழுந்திருக்கிறது. இரண்டாம் முறை நெட்வொர்க் கார்டை எழுப்பும்போது. மூன்றாம் முறை எல்லாம் முடிந்து கடைசிப் படியில். விழுந்த இடத்தின் எண்ணும் மூன்றிலும் வேறு வேறு.

ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுந்தால் முதலில் மென்பொருளைச் சந்தேகப்படு, இடம் மாறி மாறி விழுந்தால் முதலில் மெமரியைச் சந்தேகப்படு. இது வேதவாக்கு இல்லை, ஆனால் கேட்கவேண்டிய முதல் கேள்வி. இந்தத் தொழிலில் பாலபாடம். அதைப் பிலோமினா காலை ஒன்பதரை மணிக்கே என்னிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நான்தான் அந்தப் பக்கம் போகச் சொன்னேன்.

ஃபிளாப்பியைப் போட்டேன். ஒரு மணி நேரமெல்லாம் ஆகவில்லை. கொஞ்ச நேரத்திலேயே திரை சிவப்பு வரிகளால் நிறைந்தது. நான் போட்ட புது மெமரியில் ஒரு பகுதி கெட்டிருந்தது. கெர்னல் அந்தப் பகுதியில் கை வைக்காதவரை ஓடும், வைத்தால் விழும். நான் போட்ட அன்று தப்பித்தது அதிர்ஷ்டம். அதைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். பத்து முறை ஆன் செய்தேன், பத்து முறையும் ஓடியது.

புது மெமரி ஒரே வாரத்தில் கெடுமா என்று யோசித்தபடி அதன்மேல் இருந்த நம்பரைப் பார்த்தேன். பிலோமினா எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிய முதல் ஷீட்டிலும் அதே நம்பர். எங்கோ பார்த்த நம்பராக உறுத்தியது. என்னுடைய பழைய சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகங்களை எடுத்துப் புரட்டினேன். நாலு மாதம் முன்னால், பாரிமுனையில் ஒரு அச்சகம். 'மெமரி பழுது, கழற்றப்பட்டது' என்று கார்பன் பிரதியில் என் கையெழுத்து. கீழே அதே நம்பர். நான் கெட்டுப்போனது என்று கழற்றிக்கொண்டு வந்ததைத் துடைத்து, புது உறையில் போட்டு, என் கையாலேயே அந்த யார்டில் செருக வைத்திருக்கிறார்கள்.

புத்தகத்தையும் ஷீட்டையும் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். அவர் இரண்டையும் பார்த்தார். முகத்தில் ஆச்சரியம் இல்லை. அப்போதுதான் அவர் ஏன் கெர்னலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று புரிந்தது.

"ஸ்டோர்ல மாறிப் போயிருக்கும்ப்பா. இப்ப என்ன, மெஷின் ஓடுது இல்ல?"

"அந்தம்மாவுக்கு வேலை போயிடுச்சு சார்."

"கான்ட்ராக்ட் ஆளு. இந்த யார்டு இல்லைன்னா இன்னொரு யார்டு, அது போய்ச் சேர்ந்துக்கும். நீ என்ன அரிச்சந்திரனா? போய் வேலையைப் பாரு."

அது. அவரை 'அது' என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்து என்ன செய்தேன் என்று கேளுங்கள். போய் வேலையைப் பார்த்தேன். என் பெண்ணுக்கு அடுத்த வருடம் பள்ளி மாற்றவேண்டியிருந்தது, வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி மனம் மாறி அவரே சரிசெய்வார் என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன். கோபம் வந்தது நிஜம். ஆனால் கோபம் வந்தாலே நல்லவன் ஆகிவிட்டோம் என்று நினைத்துக்கொள்கிறோமே, அதைவிடப் பெரிய ஏமாற்று கிடையாது. நான் வீட்டில் சாப்பிடும்போதுகூடக் கோபமாகத்தான் சாப்பிட்டேன். பிலோமினாவுக்கு அதனால் என்ன?

பாஸ் போய் எட்டாம் நாள் மதியம் அந்த யார்டுக்குப் போகவேண்டி வந்தது. சீட்டு அடிக்கிற பிரிண்டர் சிக்கிக்கொண்டதாம். கேட் ஆபீஸில் புது ஆள் உட்கார்ந்திருந்தார். கீ போர்டு முழுக்கக் கரி அப்பி எழுத்தே தெரியவில்லை. யாரும் துணி வைத்துத் துடைக்கக்கூடாது என்று மேனேஜர் உத்தரவாம். ஜன்னல் ஓரம் ஆணியில் பிலோமினாவின் துணி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பிரிண்டரைச் சரிசெய்து வெளியே வந்தேன். டிரெய்லரிலிருந்து ஒரு டிரைவர் தலையை நீட்டினார்.

"இன்னா சார், பிலோக்கா கம்ப்யூட்டர்ல தண்ணி வுட்டுச்சுன்னு எழுதிக் குடுத்தது நீதானாமே?"

நான் ஸ்கூட்டர் சாவியைப் பையில் தேடினேன்.

"இஸ்டூல் போட்டு எங்க வண்டி அல்லாத்தையும் அன்னிக்கு வுட்டது அந்தக்காதான். நீ உள்ள சிடி மாத்திக்கினு இர்ந்தே. நாங்க பாத்துக்கினுதான் இர்ந்தோம்."

அன்றைக்கு நான் தூங்கினேனா இல்லையா என்பதெல்லாம் வேண்டாம். மறுநாள் காலை ராயபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். பிலோமினா வாசலில் ஒரு அலுமினியத் தட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். பாஸ் போன பிறகு காசிமேட்டு மீன் ஏல வியாபாரிக்காக உரித்துக் கொடுக்கிற வேலை. என்னைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கவில்லை. "குந்து சார்" என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மெமரி, நம்பர், அச்சகம், முதலாளி. தப்பு என்மேல்தான், மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் உரிப்பதை நிறுத்தவில்லை.

"வாயால சொன்னா இன்னா சார் ஆவும்? நான் தண்ணி வுட்டேன்னு நீ எழுதித்தானே குடுத்தே. இதையும் எழுதிக் குடு."

"எழுதறேன்மா."

"நான் கிடங்குல சேந்த அன்னிக்கே சொல்லிக் குட்த்துட்டாங்க சார். கண்ணு இன்னா பாக்குதோ அத்த எழுதணும். நீ இன்னா நென்ச்சேன்றது யார்க்கு வோணும்? அன்னிக்கு நீ நென்ச்சத எழுதிட்டே. இன்னிக்குப் பாத்தத எழுது."

அதே சர்வீஸ் ரிப்போர்ட் புத்தகத்தில், ஒரு புதுத் தாளில், கார்பன் வைத்து மூன்று பிரதி எழுதினேன். உள்ளே ஈரம் எதையும் நான் பார்க்கவில்லை. முந்தைய அறிக்கையில் ஈரம் என்று எழுதியது பொய். பழுதான மெமரி எங்கள் கம்பெனி கொடுத்தது, அதன் நம்பர் இது. பிலோமினா மேல் எந்தத் தவறும் இல்லை. கையெழுத்துப் போட்டு நேராக யார்டு மேனேஜரிடம் கொண்டுபோனேன்.

அவர் படித்துவிட்டு முகம் சுளித்தார். "இதை போன்ல சொல்லியிருந்தா போதுமே சார். எதுக்கு இதெல்லாம் பேப்பர்ல?" என்றார். அன்றைக்குப் பாஸைப் பிடுங்கப் பேப்பர் வேண்டியிருந்தது, திருப்பிக் கொடுக்க மட்டும் போன் போதுமாம். "நீங்க முத்திரை போட்டு வாங்கிக்கிட்டாத்தான் நான் போவேன்" என்றேன். அரை மணி நேரம் உட்கார வைத்தார். உட்கார்ந்தேன். கடைசியில் முத்திரை குத்தி, தன் பிரதியை வைத்துக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து பாஸை எடுத்து என்னிடம் வீசாத குறையாகக் கொடுத்து, "நாளைக்கு வரச் சொல்லுங்க" என்றார். வருத்தம் என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. பிலோமினாவிடம் பின்னாலும் சொன்னதாகக் கேள்விப்படவில்லை.

அடுத்த வாரமே எங்கள் முதலாளி என்னை வரவேண்டாம் என்றார். அதைத் தியாகம் என்று யாரும் பேசவேண்டாம். இரண்டு மாதத்தில் எனக்கு வேறு வேலை கிடைத்தது. லினக்ஸ் தெரிந்தவனுக்கு அப்போது கிராக்கி.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். இன்றைக்கு உங்களிடம் பதிவுகள் இருக்கின்றன, படம் பிடிக்கிற போன் இருக்கிறது, உலகத்தின் அந்த மூலையில் விழுகிற கெர்னலை இந்த மூலையில் உட்கார்ந்து பார்க்கிற வசதி இருக்கிறது. இருந்தும் எதிரில் இருப்பவர் சொல்வதைக் காதில் வாங்காமல் 'யூசர் எரர்' என்று அடித்துவிட்டுப் போகிறீர்கள். அந்த யூசருக்கு ஒரு பெயர் இருக்கிறது, கழுத்தில் ஒரு பாஸ் இருக்கிறது. உங்கள் இரண்டு வார்த்தையைப் படித்துவிட்டு அந்தப் பாஸைக் கேட்டு வாங்க ஒரு மேனேஜர் எப்போதும் தயாராக இருப்பார். எழுதுவதற்கு முன் போய்ப் பாருங்கள். பார்க்க முடியவில்லையா, 'தெரியவில்லை' என்று எழுதுங்கள். அப்படி எழுதியதால் யாருடைய வேலையும் போனதில்லை.

முத்திரை வாங்கிய அன்று சாயங்காலமே பாஸையும் முத்திரை போட்ட தாளின் மீதி இரண்டு பிரதிகளையும் எடுத்துக்கொண்டு மறுபடி பிலோமினா வீட்டுக்குப் போனேன். அவர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து தாளை வாங்கினார். வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி இரண்டு முறை படித்தார். மெமரி நம்பர் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். முத்திரையைப் பார்த்தார். பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு பேனா எடுத்துவந்து, இரண்டு பிரதியிலும் என் கையெழுத்துக்குக் கீழே எழுதினார்.

'பெறப்பட்டது. ஒன்பது நாள் தாமதம்.'

அதில் மூன்று நாள் எனக்குத் தெரியாது, மீதி ஆறு நாள் தெரிந்தே சும்மா இருந்தேன். அந்தக் கணக்கை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அவர் கேட்கவும் இல்லை. பேனாவை என் பக்கம் நீட்டினார்.

"கொண்டாந்தவங்க ஒத்துக்கினு கையெழுத்து போடணும் சார். போடு."

போட்டேன்.